ஒரு பெட்டி குறைவு

மாலை ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு ஒரு பெட்டி குறைந்தது.

கம்ப்யூட்டர் முந்நூற்றுப் பன்னிரண்டு என்றது. கோடவுனிலிருந்து வந்த சீட்டு முந்நூற்றுப் பதினொன்று என்றது. மாரிக்கண்ணன் சீட்டைத் திருப்பிப் பார்த்தான். மீதி ஒன்று பின்பக்கத்திலும் இல்லை.

சீட்டைக் கொண்டுவந்த ராக்காயி கதவுக்கு வெளியே நின்றாள். பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றுகிறவள். தினமும் ஐந்து மணிக்கு வேனில் வந்து இறங்கி, சுருக்குப் பையிலிருந்து சீட்டை எடுத்துத் தருவாள். செருப்பைக் கழற்றிவிட்டு வரவும் என்று கதவில் ஒட்டியிருந்தது. அவள் காலில் செருப்பு கிடையாது. ஆனாலும் உள்ளே வந்ததில்லை.

"சரியா இருக்கா சார்?"

"ஒண்ணு குறையுது."

"எங்கன?"

"தெரியல."

"தேடுங்க, கெடைக்கும்" என்று சொல்லிவிட்டு வேனுக்குப் போனாள். அன்றைக்கு அவனோடு பேசிய மூன்றாவது ஆள் அவள். முதல் ஆள் மெஸ்ஸில் சாம்பாரா ரசமா என்று கேட்டவர். இரண்டாவது ஆள் நம்பர் மாறிப் போன் செய்தவர்.

மாரிக்கண்ணனுக்கு இருபத்தெட்டு வயது. ஊர் ஆலங்குளம். ஊரில் வீடு பூட்டிக் கிடந்தது. அம்மா தூத்துக்குடியில் அக்காவோடு இருந்தாள். சிவகாசியில் ஓர் அச்சாபீசுக்கு மேலே அவனுக்கு அறை. காலண்டர் மெஷின் ஓடும்போது கட்டில் மெல்ல நகரும். காலையில் கண்விழித்தால் சுவரைவிட்டு இரண்டு விரல் அளவு தள்ளிப் படுத்திருப்பான். திரும்பத் தள்ளி வைத்துவிட்டுக் கம்பெனிக்குக் கிளம்புவான்.

கம்பெனியில் அவனுக்குக் கண்ணாடி அறை. ஏ.சி. உண்டு. அது கம்ப்யூட்டருக்காகப் போட்டது. குளிர் வெளியே போய்விடும் என்று கதவை எப்போதும் சாத்தி வைத்தார்கள். கண்ணாடிக்கு அந்தப்புறம் ஏழு பேர் பேசுவதும் சிரிப்பதும் தெரியும். கேட்காது.

அவன் செய்யவேண்டிய வேலை நான்கு துண்டுகள் கொண்டது. ஆர்டர் எடுப்பது ஒன்று. கோடவுனில் இருக்கும் இருப்பைச் சொல்வது ஒன்று. பேக்கிங் சீட்டு போடுவது ஒன்று. லாரியில் ஏற்றியதைக் கழிப்பது ஒன்று. நான்கையும் தனித்தனியே எழுதி முடித்துவிட்டான். இனி ஒன்றோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் சேர்த்தால் எங்கே தப்பு என்று தெரியாமல் போகும். ஒன்றைச் சேர்த்து, ஓட்டிப் பார்த்து, சரியென்றால் அடுத்ததைச் சேர்ப்பதுதான் முறை.

இதை முதலாளி லட்சுமிகாந்தத்திடம் விளக்கப் பயந்துகொண்டு போனான். அவர் அரை நிமிடத்தில் புரிந்துகொண்டார். மருந்து கலக்கும் அறையில் தானும் அம்புட்டையும் ஒரே நேரத்தில் கொட்டிக் கலக்குவதில்லை என்றார். ஒரு அறைக்கு நாலு பேர், ஒரு தடவைக்குக் கொஞ்சம் மருந்து, ஒவ்வொரு கலவையிலும் நாலு வெடியை எடுத்துப் பொட்டலில் வெடித்துப் பார்ப்பது. முப்பது வருடமாகத் தன் கூரை தலைக்கு மேலே இருப்பது அதனால்தான் என்றார்.

"அதே மாதிரி நீயும் செய். ஆனா சரியா வந்துச்சா இல்லையான்னு ஒங்கிட்ட கேக்கமாட்டேன். இருளாண்டிகிட்ட கேப்பேன்."

இருளாண்டி கோடவுன்காரர். தினமும் கடைசி லோடு போனபிறகு இருப்பைக் கையால் எண்ணிச் சீட்டில் எழுதி அனுப்புவார். இருபத்தாறு வருடத்தில் ஒரு பெட்டி பிசகியதில்லை என்று முதலாளி சொன்னார். கம்ப்யூட்டர் எண்ணும் சீட்டு எண்ணும் ஒத்துப்போனால் அடுத்த துண்டைச் சேர்க்கலாம்.

"ஒன் கம்ப்யூட்டருதான் அவன்கூட ஒத்துப்போகணும். அவன் ஒன் கம்ப்யூட்டர்கூட ஒத்துப்போக வேண்டியதில்ல."

கெடு ஆடிப் பதினெட்டு. அன்றைக்குத்தான் சீசன் ஆர்டர் தொடங்கும். வெளியூர் வியாபாரிகள் நேரில் வந்து உட்காருவார்கள். அதற்குள் நான்கும் சேர்ந்து ஓடினால், வேலை நல்லபடி முடிந்தது என்று முதலாளி ஒரு கடிதம் தருவார். அந்தக் கடிதத்தோடு வந்தால் சென்னையில் தன் கம்பெனியில் இடம் இருக்கிறது என்று சுஃபியான் சொல்லியிருந்தான். விருதுநகரில் ஒன்றாகப் படித்தவன். ஒரே அறையில் ஆறு பேர் தங்கியிருப்பதாகவும், குளிக்க வரிசையில் நிற்கவேண்டியிருப்பதாகவும் அவன் போனில் அலுத்துக்கொள்வான். மாரிக்கண்ணனுக்கு அது சொர்க்கத்தைப் பற்றிச் சொல்வதுபோலக் கேட்கும்.

இப்போது முதல் இரண்டு துண்டையும் சேர்த்த முதல் நாளிலேயே ஒரு பெட்டி குறைந்துவிட்டது.

மறுநாள் காலை கம்பெனி மொபெட்டை எடுத்துக்கொண்டு கோடவுனுக்குப் போனான். வெம்பக்கோட்டை சாலையில் நாலு கிலோமீட்டர் போய், கரிசல் காட்டுக்குள் திரும்ப வேண்டும். சுற்றிலும் ஒரு வீடு இல்லை. சட்டப்படி இருக்கக் கூடாது. வாசலில் பலகை: தீப்பெட்டி, செல்போன், செருப்பு உள்ளே கூடாது. வேலையில்லாதவர் வரக் கூடாது. லோடு ஏற்றும்போது பேசக் கூடாது என்று கீழே பெயிண்டில் பிற்பாடு சேர்த்திருந்தார்கள். ஆடு மேய்ப்பவர்கள்கூட அந்தப் பக்கம் ஓட்டுவதில்லை.

வேப்பமரத்தடியில் ஸ்டூல் போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். காக்கி அரை டிராயர், நரைத்த மீசை. மொபெட் சத்தம் கேட்டதுமே எழுந்து நின்றுவிட்டார்.

"வாங்க தம்பி. நீங்கதான் கம்ப்யூட்டரா?"

"கம்ப்யூட்டர் இல்ல அண்ணாச்சி. அதுக்கு எழுதுறவன்."

"ரெண்டும் ஒண்ணுதான். உக்காருங்க. சாப்பிட்டீகளா?"

மாரிக்கண்ணனிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்டு மூன்று மாதம் இருக்கும். மெஸ்ஸில் கேட்பது கணக்கில் வராது.

இருவரும் உள்ளே போய் எண்ணினார்கள். காலை லோடு போக இருநூற்றுத் தொண்ணூறு. கையிலிருந்த கம்ப்யூட்டர் தாளிலும் இருநூற்றுத் தொண்ணூறு.

"இப்ப சரியா இருக்கே அண்ணாச்சி. நேத்து?"

"நேத்து நேத்து. இன்னைக்கு இன்னைக்கு" என்றார் இருளாண்டி.

நேற்று தப்பாக இருந்து இரவோடு இரவாகத் தானே சரியாகிவிட்ட தப்பு. தப்புகளிலேயே மோசமான ரகம். நிலையாக இருக்கும் தப்பைப் பிடிக்கலாம். ஒளிந்து விளையாடும் தப்பை எங்கே போய்ப் பிடிப்பது? சீட்டு தப்பாக இருக்குமோ என்ற சந்தேகம் அவனுக்கு வரவில்லை. நான்கு இண்டர்வியூவில் தோற்றவன். எங்கே பிசகு நடந்தாலும் அது தன்னுடையது என்று நம்பிப் பழகிவிட்டிருந்தது.

அதற்குள் இருளாண்டி தூக்குவாளியைத் திறந்துவிட்டார். புளிச்சோறும் சீனியவரைக்காய் வற்றலும். மூடியில் பாதி வைத்து நீட்டினார். அவர் மனைவி பிரசவம் பார்க்கத் திருப்பூருக்கு மகள் வீட்டுக்குப் போனவள், பேரனுக்கு ஐந்து வயதாகியும் வரவில்லை. காலை எட்டு மணிக்கு வந்தால் ஐந்து வரை இங்கேதான். லோடு வண்டி வரும். ஆனால் பலகைதான் இருக்கிறதே.

"பேச்சுத் தொணைக்கு இங்கன வெடி மட்டுந்தான் தம்பி. அது வாயத் தொறந்தா நாம இருக்கமாட்டோம்."

மாரிக்கண்ணன் சிரித்தான். சிரித்ததும் தாடை வலித்தது.

ஆபீசுக்குத் திரும்பியபோது மணி பன்னிரண்டு. கழிப்பதையும் கூட்டுவதையும் எந்த வரிசையில் செய்வது என்பதை மாற்றி எழுதினான். முதலில் கூட்டு, பிறகு கழி. ஐந்து பத்துக்கு ராக்காயி வந்தாள். ஒன்று குறைந்தது.

மறுநாள் மறுபடியும் போனான். மறுபடியும் காலையில் சரியாக இருந்தது. இருளாண்டி கம்ப்யூட்டரைப் பற்றிக் கேட்டார். அதற்கு ஏன் குளிர் வேண்டும், மழைக்காலத்தில் ஏ.சி.யை அணைப்பார்களா, அதற்கு இவன் யார் என்று தெரியுமா. கடைசிக் கேள்விக்கு மட்டும் மாரிக்கண்ணன் தெரியாது என்றான். இருளாண்டி உச்சுக் கொட்டினார்.

நாலாவது நாள் முதலாளி கூப்பிட்டார். ஐந்நூறு பெட்டி புரளும் இடத்தில் ஒன்றைப் பிடித்துத் தொங்க வேண்டாம் என்றார். எலி கடித்தால்கூட ஒன்று போகும். ஒன்று வரை வித்தியாசம் இருந்தால் சரி என்று எழுதிவிடு என்றார். மாரிக்கண்ணன் எழுதினான். மறுநாள் காலை அதைச் சொல்லிவிட்டு வரலாம் என்று கோடவுனுக்குப் போனான்.

"இனிமே ஒண்ணு குறைஞ்சாப் பரவாயில்ல அண்ணாச்சி. கம்ப்யூட்டர் கண்டுக்காது."

"அப்ப ஒண்ணுக்கெல்லாம் வரமாட்டீக."

"வர வேண்டியதில்ல."

இருளாண்டி தலையாட்டினார். அன்று மாலை இரண்டு பெட்டி குறைந்தது.

முதலாளி இரண்டு வரை பார்க்காதே என்றார். மாரிக்கண்ணன் இரண்டு என்று மாற்றினான். கோடவுனில் உட்கார்ந்து, இந்தத் தப்பு தன்னைத் துரத்துகிறது என்று இருளாண்டியிடம் புலம்பினான். எவ்வளவு தூரம் போகலாம் என்று எழுதினால் அதற்கு ஒரு அடி தள்ளிப் போய் நிற்கிறது. இருளாண்டி மிக அக்கறையாகக் கேட்டுக்கொண்டார். இப்போ எம்புட்டு வரைக்கும் விட்டிருக்கீக என்று விசாரித்தார்.

மாலை மூன்று குறைந்தது.

சேர்த்ததைப் பிரித்தான். தனியாக இருந்தபோது சரியாக ஓடிய இருப்புத் துண்டை மட்டும் தனியே ஓட்டினான். அதிலும் மூன்று. அப்படியானால் முதலிலிருந்தே அது தப்புதான், இத்தனை நாள் சரியென்று நம்பியிருக்கிறோம். அடியோடு அழித்துப் புதிதாக எழுதினான். ஒரே ஒரு சரக்கை வைத்து ஆரம்பித்தான், சங்குசக்கரம் மட்டும். சங்குசக்கரத்தில் குறைந்தது. புஸ்வாணத்துக்கு மாற்றினான். புஸ்வாணத்தில் குறைந்தது. ஒவ்வொரு அடியும் முன்னால் வைப்பதற்குப் பதில் பின்னால் வைத்தான். பதினோராம் நாள் எங்கே ஆரம்பித்தானோ அதற்கும் பின்னால் நின்றான்.

அந்தப் பதினோரு நாளில் ஒன்பது நாள் காலையில் கோடவுனில் இருந்தான். கட்டில் நகர்வதைப் பற்றி இருளாண்டியிடம் சொன்னான். ஒரு மாதத்துக்கு எம்புட்டு நகரும், தள்ளாமல் விட்டால் வாசலுக்கு வர எத்தனை நாளாகும் என்று இருவரும் கணக்குப் போட்டார்கள். அறுபத்தேழு நாள் என்று இருளாண்டி மனக்கணக்காகச் சொன்னார். தாளில் போட்டுப் பார்த்தபோது மாரிக்கண்ணனுக்கும் அதே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சுஃபியான் போன் செய்தான். எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டான். மாரிக்கண்ணன் புஸ்வாணத்தில் நிற்கிறேன் என்றான். இடத்தை ஆடிக்கு மேலே தன்னால் பிடித்துவைக்க முடியாது என்றான்.

திங்கட்கிழமை முதலாளி வேறு விதமாக யோசித்துவிட்டார். இருளாண்டி எண்ணியது சரி. கம்ப்யூட்டரும் ஒருவேளை சரி. அப்படியானால் பெட்டி நிஜமாகவே போகிறது. லோடு ஏற்றும் பெண்களைக் கம்பெனி கேட்டில் நிறுத்திச் சோதிக்கச் சொன்னார். சேலை மடிப்பு, சோற்றுச் சட்டி, எல்லாம். ஒரு பெட்டி எட்டு கிலோ, அதை மடியில் கட்டிக்கொண்டு போனால் தெரியாதா என்று ராக்காயி கேட்டாளாம். சோதிக்க வந்தவரை ஏற இறங்கப் பார்த்தாளாம். அன்று மாலை சீட்டைக் கண்ணாடிக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போய்விட்டாள்.

மாரிக்கண்ணன் மறுநாள் கோடவுனில் இதைச் சொன்னபோது இருளாண்டியின் முகம் சுருங்கியது. புளிச்சோற்றை மூடிவிட்டார். தன்னால் அந்தப் பிள்ளைகளுக்கு இந்தக் கேவலமா என்று மாரிக்கண்ணன் சொன்னான்.

அன்று மாலைச் சீட்டில் ஐந்து பெட்டி கூடியிருந்தது.

முதலாளி சீட்டையும் கம்ப்யூட்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"திருடன் கொண்டாந்து வச்சிட்டுப் போயிருக்கானா?"

மறுபடியும் சீட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இல்ல, ஒன் கம்ப்யூட்டரு குட்டி போடுதா?"

சோதனை நின்றது. ஆனால் ஆடி பிறந்து ஐந்து நாளாகிவிட்டது. முதலாளி கெட்ட வார்த்தை எதுவும் சொல்லவில்லை. விருதுநகரில் வேறு ஒருவர் இதை ஒரே வாரத்தில் செய்து தருவதாகச் சொல்கிறார் என்று மட்டும் சொன்னார். வெள்ளிக்கிழமை வரை பார்ப்போம் என்றார்.

மாரிக்கண்ணன் அன்று மெஸ்ஸுக்குப் போகவில்லை. கட்டிலில் உட்கார்ந்து யோசித்தான். கட்டில் நகர்ந்தது. சோதனை என்பது இரண்டு எண்ணும் ஒன்றாக இருப்பது. இரண்டும் ஒன்றாக வரவில்லை. ஆனால் இரண்டு எண்ணையும் ஒரே இடத்திலிருந்து எடுத்தால்?

மறுநாள் நாலே வரி எழுதினான். கம்ப்யூட்டர் இனித் தானாக எண்ணாது. சீட்டில் என்ன எண் வருகிறதோ அதையே தன் எண்ணாக எடுத்துக்கொள்ளும். பிறகு சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பிறகு பச்சை எழுத்தில் 'சரி' என்று காட்டும். தானாக எண்ணிய பழைய துண்டை அழிக்க மனம் வரவில்லை. அதைத் தனியே ஒரு மூலையில் ஓடவிட்டான். அதன் பேச்சை யாரும் கேட்கப்போவதில்லை.

வெள்ளிக்கிழமை சரி. சனிக்கிழமை மூன்றாவது துண்டைச் சேர்த்தான். சரி. திங்கட்கிழமை நான்காவது துண்டு. சரி. முதலாளி அவன் தோளில் தட்டினார். கடிதத்தை டைப் அடித்துக் கையெழுத்துப் போட்டு மேசை டிராயரில் வைத்தார். ஆடிப் பதினெட்டு அன்று முதல் ஆர்டர் விழுந்ததும் எடுத்துத் தருவதாகச் சொன்னார். ஊரில் எல்லாரும் கேட்டால் சொல்வதற்காக, கம்ப்யூட்டர் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டார். மாரிக்கண்ணன், அது இருளாண்டி அண்ணாச்சி சொல்வதைக் கேட்டு நடக்கிறது என்றான். அவருக்கு மிகவும் பிடித்துப் போயிற்று.

இனிச் சீட்டை அவன் பார்க்க வேண்டியதில்லை, பில் போடும் கிளார்க்கே அடித்துக்கொள்வார் என்று ஏற்பாடானது. ராக்காயி கண்ணாடிக் கதவுக்கு வருவது நின்றது. வித்தியாசம் இல்லாததால் கோடவுனுக்குப் போகக் காரணமும் இல்லை. போயிருக்கலாம். ஆனால் ஏமாற்றிவிட்டு அந்த மனிதரின் முன்னால் உட்கார்ந்து புளிச்சோறு தின்ன முடியாது என்று தோன்றியது. பலகையிலும் வேலையில்லாதவர் வரக் கூடாது என்றுதான் எழுதியிருக்கிறது.

ஐந்து பத்து ஆனதும் தலை தானாகக் கதவுப் பக்கம் திரும்பும். யாரும் இருக்கமாட்டார்கள். திரையில் அன்றைய எண் வந்திருக்கும்.

அந்த எண்கள் விசித்திரமாகப் போய்க்கொண்டிருந்தன. மூலையில் ஓடிய பழைய துண்டு சொன்னதைவிட ஒரு நாள் நாற்பது குறைவு. மறுநாள் நூற்றுப் பத்து குறைவு. ஒரு நாள் முந்நூறு அதிகம். கிளார்க் அடித்தார். பச்சையில் 'சரி' என்று வந்தது. மாரிக்கண்ணன் தன் பழைய துண்டு முற்றிலும் பைத்தியமாகிவிட்டது என்று முடிவுசெய்தான். நல்லவேளை, அதைக் கழற்றிவிட்டோம். இரண்டு வாரத்தில் சென்னையில் குளிக்க வரிசையில் நிற்கலாம்.

ஆடிப் பதினெட்டு காலை எட்டு மணி. மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் கதம்பம். வியாபாரிகள் பதினாலு பேர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடிக் கதவை முதன்முறையாகத் திறந்து வைத்திருந்தார்கள். கொல்லத்திலிருந்து வந்தவர் முதல் ஆர்டர் சொன்னார். இருநூறு கிஃப்ட் பாக்ஸ். முதலாளியே ஒற்றை விரலால் அடித்தார்.

திரையில் சிவப்பில் எழுத்து வந்தது. 'இருப்பு இல்லை. ஆர்டர் ஏற்க இயலாது.'

அந்த வாக்கியத்தை எழுதியவன் மாரிக்கண்ணன்தான். ஒருநாளும் தேவைப்படாது என்று நினைத்து எழுதியது.

கிளார்க் சீட்டை நீட்டினார். சீசன் முதல் நாள் என்று இருளாண்டி விடியலிலேயே எண்ணிக் காலை ஏழு மணிக்கு அனுப்பிய சீட்டு. இருளாண்டியின் கையெழுத்தில், எண்ணுக்குப் பதில் எழுத்தில் இருந்தது: ஒன்றும் இல்லை.

முதலாளி அதை இரண்டு முறை படித்தார். இருளாண்டி ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லைதான் என்றார். ராத்திரியோடு ராத்திரியாகக் கோடவுனையே துடைத்துவிட்டார்கள், போலீசுக்குப் போன் போடு என்று கிளார்க்கிடம் சொன்னார். கொல்லத்துக்காரர் நாற்காலியைப் பின்னால் நகர்த்தினார். மாரிக்கண்ணன் ஒரு மணி நேரம் கொடுங்கள் என்று கேட்டான். அவன் கெஞ்சுவதை ஆபீசே பார்த்தது. கண்ணாடி இல்லாமல் முதல்தடவையாகக் கேட்கவும் செய்தது.

கிளம்பும்முன், ஏன் என்று தெரியாமல், மூலையில் ஓடிய பழைய துண்டைப் பார்த்தான். ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு என்றது. உள்ளங்கையில் எழுதிக்கொண்டான்.

கோடவுன் வாசலில் லோடு வேன் நின்றது. ராக்காயியும் இன்னும் மூன்று பெண்களும் கரிசல் மண்ணில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்கள். வேப்பமரத்தடியில் இருளாண்டி எழுந்து நின்றார். தூக்குவாளி திறந்திருந்தது. மூடியில் சோறு எடுத்து வைத்திருந்தது.

"வாங்க தம்பி. சாப்பிட்டீகளா? பன்னெண்டு நாளாச்சு."

மாரிக்கண்ணன் செருப்பையும் போனையும் வாசலில் போட்டுவிட்டு உள்ளே ஓடினான். கோடவுன் நிறைந்திருந்தது. கூரைவரை பெட்டி. நடக்க ஒற்றையடிப் பாதைதான் விட்டிருந்தது.

இருவரும் எண்ணினார்கள். வரிசை, அடுக்கு, உதிரி. இருளாண்டி உதடு அசையாமல் எண்ணினார். மாரிக்கண்ணன் விரலை நீட்டி எண்ணினான். கடைசிப் பெட்டியைத் தொட்டபோது ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு. உள்ளங்கையை விரித்தான். வியர்வையில் மை ஊறியிருந்தது. எண் மாறவில்லை.

கம்ப்யூட்டர் சரி. அப்படியென்றால் ஒரு மாதமாகவே சரி. தான் அழித்ததும் பிரித்ததும் திரும்ப எழுதியதும் எல்லாம் சரியாக இருந்ததை. சோதனையில் தேறவேண்டும் என்பதற்காகச் சரியானதைக் கழற்றி எறிந்துவிட்டுத் தப்பானதை மாட்டியிருக்கிறான்.

வாசலுக்கு வந்தான். இருளாண்டிக்கு என்ன வயது இருக்கும்? ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு. கண்ணில் புரை விழுந்திருக்க வேண்டும். பாவம், மனிதருக்கே தெரியாது. ஆபீசுக்குப் போய் உண்மையைச் சொன்னால் கடிதம் கைக்கு வரும். இருபத்தாறு வருடம் பிசகாதவரை முதலாளி அன்று சாயங்காலமே வீட்டுக்கு அனுப்புவார். யாருமில்லாத வீட்டுக்கு. தன் மேல் போட்டுக்கொண்டால் அவர் பிழைப்பார், கடிதமும் சென்னையும் போகும். கட்டில் வாசலுக்கு வந்துசேர அறுபத்தேழு நாள் இருக்கிறது.

இருளாண்டி மரத்தடியில் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்து நின்றார். மாரிக்கண்ணன் ராக்காயி பக்கம் போய்க் குனிந்து, அவருக்குக் கேட்காத குரலில் பேசினான்.

"அக்கா, அண்ணாச்சிக்குக் கண்ணு எப்ப இருந்து மங்கிப்போச்சு?"

ராக்காயி சும்மாட்டுத் துணியை உதறி மடியில் போட்டுக்கொண்டாள். அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"கண்ணுக்கு என்ன கேடு? தெனமும் ரெண்டு தரம் சரியா எண்ணிட்டு, அதுக்கப்புறந்தான் சார் சீட்டைத் தப்பா எழுதுவாரு. சரியா எழுதியிருந்தா நீங்க வந்திருப்பீகளா?"